முதுகெலும்பு அறுவை சிகிச்சை: யாருக்கு, எதற்கு, எவ்வளவு பலன்?

"முதுகில் கத்தி வைத்தால் அப்புறம் படுத்த படுக்கைதான்" என்று எச்சரிக்கும் உறவினர் ஒருவராவது இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. மறுபக்கம், சிறு துளை வழியாகச் செய்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், வலி என்ற பேச்சே இருக்காது என்று சொல்லும் விளம்பரங்களுக்கும் பஞ்சமில்லை. எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு பேச்சிலும் உள்ள பிழை ஒன்றேதான். 'முதுகு ஆபரேஷன்' என்று ஏதோ ஒரே ஒரு சிகிச்சை இருப்பதாகவும், அதற்கு ஒரே ஒரு விளைவு இருப்பதாகவும் இரண்டுமே வைத்துக்கொள்கின்றன. எந்த நோய்க்காக, எந்த அறிகுறியைப் போக்குவதற்காக, எந்த மாற்றுச் சிகிச்சையோடு ஒப்பிட்டு, எத்தனை காலம் கழித்துப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் பலன் உண்டா இல்லையா என்று பேசுவதில் பொருளில்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த முறையான சோதனைகள் இந்த விஷயத்தில் நிறையவே சொல்லியிருக்கின்றன.

முதுகுக்குள் என்ன இருக்கிறது

கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அடுக்கப்பட்ட 24 முள்ளெலும்புகளும், அவற்றுக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன எலும்புகளும் சேர்ந்ததே முதுகெலும்பு. முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் மெத்தை போன்ற வட்டுக்கு டிஸ்க் என்று பெயர்; பேச்சில் ஜவ்வு என்போம். அதன் வெளிப்புறம் உறுதியான நார் வளையம், உட்புறம் கூழ். இந்த அடுக்கின் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு குழாய்ப் பாதை ஓடுகிறது. அதற்குள் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே அந்தப் பாதையில் இருப்பவை கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் தனித்தனி நரம்புகள் மட்டுமே. டிஸ்க் விலகல் மிக அதிகமாக ஏற்படுவது இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் என்பதால், அதற்கான அறுவை சிகிச்சை பெரும்பாலும் தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழேதான் நடக்கிறது. கால் இரண்டும் விழுந்துவிடும் என்ற அச்சம் பல தலைமுறைகளாகத் தொடர்ந்தாலும், இந்த வகை அறுவையில் அப்படி நேர்வது மிக அரிது.

வீட்டின் முன்கட்டில் ஒரு மின்கம்பி கதவிடுக்கில் மாட்டி நசுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மினுக்குவது பின்கட்டு விளக்கு. கதவைச் சற்று நகர்த்திக் கம்பியை விடுவித்தால் விளக்கு சீராக எரியும். ஆனால் அதே கதவின் நிலைச்சட்டம் உளுத்துப் போயிருந்தால், கம்பியை விடுவித்ததால் சட்டம் சரியாகிவிடாது. கம்பி நெடுநாள் நசுங்கிக் கிடந்து உள்ளே இருக்கும் செம்பே அறுந்திருந்தால், கதவை நகர்த்திய பிறகும் விளக்கு மங்கலாகத்தான் எரியும்.

முதுகில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். டிஸ்க்கின் நார் வளையம் கிழிந்து கூழ் வெளியே பிதுங்கி, பக்கத்தில் உள்ள நரம்பின் வேரை அழுத்தும்போது, வலி புட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை இழுக்கிறது. இந்தக் கால் வலிக்குத்தான் சையாட்டிகா என்று பெயர். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதே இதற்குக் காரணம் என்பதை மிக்ஸ்டர், பார் என்ற இரு பாஸ்டன் அறுவை மருத்துவர்கள் 1934-இல் எழுதிய கட்டுரை நிலைநாட்டியது. அழுத்தம் மட்டுமல்லாமல், வெளியே வந்த கூழ் உண்டாக்கும் அழற்சியும் வலிக்குக் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. அந்த அழற்சியின் ஊடாகவே உடலின் எதிர்ப்பணுக்கள் பிதுங்கிய கூழைச் சிறிது சிறிதாக அரித்துச் சுருக்கிவிடுகின்றன. டிஸ்க் விலகியவர்களில் பெரும்பாலோர் கத்தியின்றியே சில வாரங்களில், சில மாதங்களில் தேறிவிடுவதற்கு இதுதான் காரணம்.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஸ்க் தேய்மானம்', 'டிஸ்க் புடைப்பு' என்று இருந்தாலே அறுவை தேவை என்று பலர் எண்ணுகிறார்கள். முதுகில் வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வு, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருப்பதாகக் காட்டியது. அதாவது இவை பெரும்பாலும் முகச்சுருக்கமும் நரைமுடியும் போல வயதின் அடையாளங்கள். ஸ்கேனில் தெரியும் அழுத்தமும், நோயாளி சொல்லும் வலியின் பாதையும், மருத்துவர் காலைத் தூக்கியும் பெருவிரலை மேல்நோக்கி மடக்கச் சொல்லியும் கண்டறியும் பலவீனமும் ஒரே நரம்பைச் சுட்டிக்காட்டும்போதுதான் அறுவைக்கு நல்ல பலன் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

அறுவை செய்யும் வேலைகள் அடிப்படையில் இரண்டு

விளம்பரங்களில் எத்தனை பெயர்கள் இருந்தாலும், முதுகெலும்பு அறுவைகளில் பெரும்பாலானவை இரண்டு வேலைகளில் ஒன்றையோ இரண்டையுமோ செய்கின்றன. முதலாவது அழுத்த நீக்கம்: நரம்பை நெருக்கும் டிஸ்க் துண்டையோ எலும்பையோ தடித்த தசைநாரையோ வெட்டி எடுப்பது. இரண்டாவது எலும்பு இணைப்பு: அசையும் இரண்டு முள்ளெலும்புகளை ஸ்க்ரூவும் கம்பியும் போட்டுப் பிடித்து, நடுவே எலும்புத் துகள் வைத்து, காலப்போக்கில் ஒரே எலும்பாக வளரச் செய்வது. நுண்ணோக்கி வழியாகவோ, எண்டோஸ்கோப்பி வழியாகவோ, சற்றுப் பெரிய கீறல் வழியாகவோ செய்வது உள்ளே போகும் பாதையைப் பற்றிய விஷயம். உள்ளே செய்யப்படும் வேலை எது என்பதே முதலில் கேட்க வேண்டியது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், கால் வலி பெரும்பாலும் நசுங்கிய நரம்பின் வலி. அழுத்த நீக்கம் அதை நேரடியாகத் தொடுகிறது. முதுகிலேயே நிற்கும் வலிக்குத் தசை, மூட்டு, டிஸ்க் எனக் காரணங்கள் பல. அதற்கு இப்படி ஒரு நேரடி வழி இல்லை. அறுவை மருத்துவர் "கால் வலி போய்விடும், முதுகு வலிக்கு உத்தரவாதம் தர முடியாது" என்று சொன்னால், அவர் தயங்குவதாக எண்ண வேண்டியதில்லை, உள்ளதைச் சொல்கிறார்.

வலியை எப்படி அளக்கிறார்கள்

இரத்த அழுத்தத்தைப் போல முதுகு வலியைக் கருவியால் அளக்க முடியாது என்பதால், நோயாளியிடமே கேட்டு அளக்கும் படிவங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றில் உலகெங்கும் புழங்குவது இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி என்ற சிற்றூரின் பெயரைத் தாங்கி 1980-இல் வெளியான ஆஸ்வெஸ்ட்ரி இயலாமைக் குறியீடு. வலியின் கடுமை, குளித்து உடுத்திக்கொள்ளுதல், பளு தூக்குதல், நடத்தல், உட்காருதல், நிற்றல், உறக்கம், தாம்பத்தியம், வெளிப்பழக்கம், பயணம் எனப் பத்துப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 5 வரை மதிப்பெண். உட்காருதல் பகுதியில், எந்த நாற்காலியிலும் விரும்பிய நேரம் உட்கார முடிந்தால் 0. ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியாவிட்டால் 2. பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காவிட்டால் 4. உட்காரவே முடியாவிட்டால் 5. கூட்டுத்தொகையை நூற்றுக்கு மாற்றும்போது, எண் கூடக் கூட இயலாமை அதிகம். ஏறத்தாழ 10 புள்ளிகளாவது குறைந்தால்தான் நோயாளியே உணரும்படியான முன்னேற்றம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. தரையில் சம்மணமிடுவதும், குந்தி உட்கார்ந்து எழுவதும் அந்தப் படிவத்தில் இல்லை. நம் ஊர் நோயாளி ஒருவருக்கு மிக முக்கியமான முன்னேற்றம் இந்த எண்ணில் பதியாமலே போகலாம் என்பதை மருத்துவரிடம் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

டிஸ்க் விலகல்: கிடைப்பது வேகம்

அறுவை செய்தவர் தேறிவிட்டார் என்பதை மட்டும் வைத்து அறுவைதான் தேற்றியது என்று சொல்லிவிட முடியாது. அவர் அறுவை இல்லாமலும் தேறியிருக்கலாம். பலர் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் அறுவைக்கு இசைகிறார்கள் என்பதால், அதற்குப் பிறகு எது செய்தாலும் வலி இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். இதைத் தாண்டுவதற்கு உள்ள வழி, ஒரே மாதிரியான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடுவது. இதற்குச் சமவாய்ப்புச் சோதனை என்று பெயர்.

டிஸ்க் விலகலில் இதை முதலில் முறையாகச் செய்தவர் நார்வேயின் ஹென்ரிக் வெபர். அறுவை தேவையா இல்லையா என்று முடிவுகட்ட முடியாத 126 பேரை அவர் இப்படிப் பிரித்துப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 1983-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் அறுவைக் குழு தெளிவாகவே மேலான நிலையில் இருந்தது. நான்காம் ஆண்டில் அந்த இடைவெளி உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. பத்தாம் ஆண்டிலும் பெரிய வேறுபாடு இல்லை.

நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான சோதனை இதை இன்னும் துல்லியமாக்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடுமையான சையாட்டிகாவால் அவதிப்பட்ட 283 பேரில் ஒரு பாதிக்கு உடனடி அறுவை. மறுபாதிக்கு மருந்தும் காத்திருப்பும், தாங்க முடியாவிட்டால் அறுவை. உடனடி அறுவைக் குழுவில் பாதிப் பேர் 4 வாரங்களுக்குள் தேறினார்கள். காத்திருந்த குழுவில் அந்த நிலையை எட்ட 12 வாரங்கள் ஆயின. ஓராண்டு முடிவில் இரு குழுக்களிலும் 95 விழுக்காட்டினர் தேறியதாகவே சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவை செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். காத்திருந்தால் எல்லோருக்கும் தானாகச் சரியாகிவிடும் என்று இது சொல்லவில்லை. ஆனால் பத்தில் ஆறு பேருக்கு அந்த ஓராண்டில் கத்தி தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் 13 மையங்களில் நடந்த ஸ்போர்ட் என்னும் பெரிய ஆய்வு, இத்தகைய சோதனைகளுக்கே உரிய ஒரு சிக்கலை அம்பலமாக்கியது. டிஸ்க் விலகலுக்காக 501 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். இரண்டாண்டுகளில், அறுவை ஒதுக்கப்பட்டவர்களில் 60 விழுக்காட்டினர்தான் அதைச் செய்துகொண்டார்கள். அறுவையில்லாச் சிகிச்சை ஒதுக்கப்பட்டவர்களில் 45 விழுக்காட்டினர் அறுவைக்குப் போய்விட்டார்கள். வலி கூடியவர் அறுவைப் பக்கம் தாவுவதும் குறைந்தவர் வேண்டாம் என்று ஒதுங்குவதும் மனித இயல்புதானே! ஒதுக்கியபடியே கணக்கிட்டால் இரு குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. உண்மையில் பெற்ற சிகிச்சையின்படி கணக்கிட்டால் அறுவைக்குத் தெளிவான மேன்மை தெரிந்தது. முதல் கணக்கு, குழுக்கள் கலந்துபோனதால் பலனைக் குறைத்துக் காட்டும்; இரண்டாவது கணக்கு, குலுக்கலின் நடுநிலையை இழந்துவிடுவதால் மிகைப்படுத்திக் காட்டக்கூடும். ஒரே ஆய்வை மேற்கோள் காட்டி இரு தரப்பும் வாதிட முடிவது இதனால்தான்.

ஆக, நரம்பு செயலிழப்பு இல்லாத டிஸ்க் விலகலில் அறுவை பெரும்பாலும் வாங்கித் தருவது காலத்தை. இரண்டு மாத வலியைக் குறைப்பது, தினக்கூலிக்குப் போக வேண்டியவருக்கும் வீட்டில் இருந்து தேற முடிந்தவருக்கும் ஒரே மதிப்புடையதாக இருக்காது.

வயதானவர்களின் பாதைக் குறுகல்

அறுபதைத் தாண்டியவர்களுக்கு எலும்பும் தசைநாரும் தடித்து நரம்புகள் செல்லும் பாதையே குறுகிவிடுவதுண்டு. சிறிது தூரம் நடந்தால் கால்கள் கனத்து மரத்துப்போகும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சற்று நேரத்தில் சரியாகும். கடைத்தெருவில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி குனிந்து நடக்கையில் வலி வராமல், நிமிர்ந்து நடந்தால் வருவது இதன் அடையாளம். இது டிஸ்க் விலகலைப் போலத் தானாகச் சுருங்குவதில்லை. கடுமையான குறுகலில் அழுத்த நீக்கம் நடக்கும் தூரத்தை நன்றாகவே கூட்டுகிறது என்பதில் மருத்துவர்களிடையே பரவலான உடன்பாடு உண்டு. விவாதம், அதோடு ஸ்க்ரூ போட்டு இணைக்கவும் வேண்டுமா என்பதில்தான். ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான சோதனையில், இணைப்பையும் சேர்த்துச் செய்தவர்கள் இரண்டாண்டு முடிவில் மேலான நிலையில் இல்லை. அறுவை நேரமும் இரத்த இழப்பும் செலவும்தான் கூடின. எலும்பு சற்று முன்னே நழுவியிருந்த 267 பேரை வைத்து நார்வேயில் நடந்து 2021-இல் வெளியான சோதனையும், பெரும்பாலோருக்கு அழுத்த நீக்கம் மட்டுமே போதும் என்ற பக்கமே சாய்ந்தது. எலும்பு மிகையாக ஆடுகிறவர்களுக்கு இணைப்பு தேவைப்படலாம். ஆனால் வழக்கமாகவே ஸ்க்ரூவையும் சேர்த்துப் பரிந்துரைத்தால், ஏன் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

முதுகு வலிக்கு மட்டும் எலும்பை இணைத்தால்?

நரம்பு அழுத்தமே இல்லாமல், தேய்ந்த டிஸ்க்கால் நீடிக்கும் முதுகு வலிக்கு எலும்பு இணைப்பு செய்வதைப் பற்றிய முடிவுகள் முதல் பார்வைக்கு முரண்படும். 2001-இல் வெளியான 294 பேர் பங்கேற்ற ஸ்வீடன் சோதனையில், அறுவை செய்துகொண்டவர்களில் 63 விழுக்காட்டினர் தேறியதாகச் சொன்னார்கள். மற்றவர்களில் 29 விழுக்காட்டினரே. பிரிட்டனில் 349 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான சோதனையிலோ, ஆஸ்வெஸ்ட்ரிக் குறியீட்டில் வேறுபாடு வெறும் 4 புள்ளிகள். நோயாளி உணரும் அளவுக்குக்கூட எட்டாத வேறுபாடு. (அந்தச் சோதனையை நடத்தியவர், குறியீட்டை உருவாக்கிய ஜெரமி ஃபேர்பேங்கேதான்.)

முரண்பாட்டுக்கு விடை ஒப்பீட்டில் இருக்கிறது. ஸ்வீடனில் அறுவையோடு ஒப்பிடப்பட்டது, அந்த நோயாளிகள் முன்பே செய்து பார்த்துப் பலன் காணாத வழக்கமான பிசியோதெரபி. பிரிட்டனில் ஒப்பிடப்பட்டது, உடற்பயிற்சியோடு வலியைக் கண்டு அஞ்சி அசையாமல் இருக்கும் மனநிலையையும் மாற்றுவதற்காகத் திட்டமிட்டு நடத்திய தீவிரப் பயிற்சி. அறுவையின் பலன் இரு நாடுகளிலும் அவ்வளவாக வேறுபடவில்லை; எதிரே நின்ற சிகிச்சையின் தரம்தான் வேறு. "எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், இனி ஆபரேஷன்தான்" என்பவர், அந்த 'எல்லாம்' என்பது மின்சார ஒத்தடமும் பெல்ட்டும் மட்டும்தானா என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மெட்ராஸ் சொன்ன பாடம்

கத்தியின் இடம் எது என்பதை உலகுக்குக் காட்டிய சோதனைகளில் ஒன்று சென்னையில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. காசநோய் நுரையீரலை மட்டுமல்லாமல் முதுகெலும்பையும் அரிக்கும். எலும்பு நொறுங்கிக் கூன் விழும், நரம்பு நசுங்கிக் கால் செயலிழக்கும். 1956-இல் ஹாங்காங்கின் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும், நோயுற்ற எலும்பை முன்பக்கமாகச் சென்று முழுவதும் அகற்றி, அங்கே நல்ல எலும்பைப் பொருத்தும் பெரிய அறுவையை அறிமுகப்படுத்தினார்கள். அது எல்லோருக்கும் தேவையா என்பதைச் சென்னையின் காசநோய் ஆராய்ச்சி மையம் சோதித்தது. ஒரு குழுவுக்கு ஹாங்காங் அறுவையோடு 6 மாத மருந்து. மற்ற இரு குழுக்களுக்கு அறுவையின்றி, நடமாடிக்கொண்டே எடுத்துக்கொள்ளும் 6 மாத அல்லது 9 மாத மருந்து. நடக்கவே முடியாத அளவுக்குக் கால் செயலிழந்தவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை. 1999-இல் வெளியான பத்தாண்டு அறிக்கையின்படி நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 90 விழுக்காடு, 6 மாத மருந்துக் குழுவில் 94, 9 மாத மருந்துக் குழுவில் 99.

மருந்தே நோயைத் தீர்த்துவிட்ட பிறகு அறுவை எதற்கு? கூன் அதற்கு விடை சொல்கிறது. நோய் ஆறிய பிறகும் வளரும் குழந்தைகளில் சிலருக்குக் கூன் தானாகக் குறைந்தது, சிலருக்கு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனது. யாருக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயிலேயே முன்கூட்டி அறியும் அடையாளங்களைக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2001-இல் வெளியிட்டார். அத்தகைய குழந்தைகளுக்கும், நரம்பு நசுங்கியவர்களுக்கும், எலும்பு நிலைகுலைந்தவர்களுக்கும் அறுவை இன்றும் தேவைப்படுகிறது.

போலி ஊசியும் சிமென்ட் வாசனையும்

எலும்பு வலுவிழந்த முதியவர்களுக்கு முள்ளெலும்பு நசுங்கும்போது, அதற்குள் ஊசி வழியாக எலும்பு சிமென்ட்டைச் செலுத்தும் முறை பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது. நோயாளிகள் வலி குறைந்ததாகச் சொன்னார்கள், மருத்துவர்களும் நம்பினார்கள். 2009-இல் ஒரே நேரத்தில் வெளியான இரு சோதனைகள் இதைப் போலிச் சிகிச்சையோடு, அதாவது செய்வது போலவே செய்து உண்மையான வேலையை மட்டும் விட்டுவிடும் முறையோடு ஒப்பிட்டன. அவற்றில் 131 பேர் பங்கேற்ற சோதனையில், போலிக் குழுவினருக்கும் மரத்துப்போகும் ஊசி போட்டு, முதுகை அழுத்தி, சிமென்ட் கலவையின் நெடி அறையில் பரவும்படி அதன் குப்பியைத் திறந்தும் வைத்தார்கள். ஒரு மாதத்தில் இரு குழுக்களுக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவு குறைந்திருந்தது. இரண்டாவது சோதனையின் முடிவும் அதுவே. நோயாளிகள் பொய் சொல்லவில்லை. வலி உண்மையிலேயே குறைந்தது. சிமென்ட்டால் குறைந்தது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

ஆபத்தும் அவசரமும்

ஸ்போர்ட் ஆய்வில் அறுவையின்போது நரம்புறை, அதாவது தண்டுவடத்தையும் நரம்புகளையும் சுற்றியுள்ள உறை, கிழிந்தது டிஸ்க் அறுவையில் 4 விழுக்காட்டினருக்கும், பாதைக் குறுகல் அறுவையில் 9 விழுக்காட்டினருக்கும். பெரும்பாலும் அப்போதே தைத்துச் சரிசெய்யப்படும் குறை இது. கிருமித்தொற்று, மீண்டும் டிஸ்க் பிதுங்குதல், மறு அறுவை ஆகியவையும் நேரக்கூடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் தொற்றும், புகைபிடித்தால் எலும்பு ஒட்டாமல் போவதும் கூடுகின்றன.

கழுத்தில் தண்டுவடமே நசுங்கும்போது கணக்கு முற்றிலும் மாறுகிறது. சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காமை, செருப்பு தானாகக் கழன்று போவது, நடை தள்ளாடுவது என அது மெல்லத் தொடங்கும். அங்கே அறுவையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. இழந்த திறன் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு காலம் நசுங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்தது.

காத்திருந்து பார்க்கலாம் என்று மேலே சொன்ன எதுவும் பொருந்தாத ஒரு நிலையும் உண்டு. இடுப்பில் பெரிய டிஸ்க் துண்டு பாதை முழுவதையும் அடைத்து, கீழே போகும் நரம்புக் கொத்தையே நசுக்கிவிடலாம். இரு கால்களிலும் வலியோ பலவீனமோ வரும். சேணத்தில் அமர்ந்தால் படும் பகுதி, அதாவது தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போகும். சிறுநீர் வருவது தெரியாமல் போகும் அல்லது கழிக்க முடியாமல் தேங்கும். மலம் கட்டுப்பாடின்றி வெளியேறலாம். இவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் அன்றிரவே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிறுநீர்ப்பை முழுவதும் செயலிழப்பதற்கு முன்பே அழுத்தம் நீக்கப்பட்டவர்களுக்கே அது பழைய நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம்.